மட்டக்களப்புக் கட்டடக்கலைக் கந்தோர்களுக்கு: எங்களை ஸைட்டுக்கும் அனுப்புங்கள்

மட்டக்களப்பில் கட்டடக்கலைக் கந்தோர் நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் ஆரையம்பதிப் பிள்ளை, மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறேன். கடந்த விடுமுறையில் உங்களில் ஒருவரிடம் எட்டு வாரம் பயிற்சிக்கு இருந்தேன். யாரிடம் என்று சொல்லப்போவதில்லை. வேறு கந்தோர்களில் இருந்த நண்பர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

கதவு ஜன்னல் அட்டவணை, குளியலறை டைல்ஸ், நில அளவையாளரின் பிளானைக் கணினியில் ஓட்டோகாட்டில் திரும்பக் கீறுவது: எட்டு வாரமும் இப்படித்தான் போனது. கை வேகமாகிவிட்டது, அதற்கு நன்றி. ஸைட்டுக்குப் போனது ஒரே ஒரு நாள். அதுவும் பிரிண்ட் கொண்டுபோக அன்று வேறு ஆள் இல்லாததால்.

கல்லடியில் வாவிப் பக்கம் பார்த்த வீடு. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வாவி தெரிய வேண்டுமாம். அந்த முகப்பை முப்பரிமாணத்தில் அழகாகச் செய்துகொடுத்தது நான்தான், பெருமையாகவும் இருந்தது. மேசன் மாமா பிரிண்டை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "புள்ள, கச்சான் எந்தப் பக்கத்தால அடிக்கும்?"

எனக்கு வாயடைத்துப் போனது. கச்சான் காலத்தில் மத்தியானம் முற்றத்தில் நிற்க முடியாமல் வளர்ந்தவள் நான். அந்த அனல் காற்றும் பின்நேர வெயிலும் ஒரே பக்கத்தால்தான், மேற்கால்தான் வரும் என்று தெரியும். கந்தோரில் ஏசி அறைக்குள் இருந்து கீறும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏசியைப் போடுவார். வாவியும் தெரியாது.

அன்றைக்கே இன்னொன்றும் வெளிவந்தது. முதல் வாரம் மேசன் மாமா போனில் கதவு உயரம் கேட்டிருந்தார். படத்தில் 2100 மில்லிமீற்றர். "ஏழடி மாமா" என்று சொல்லிவிட்டேன். ஏழடி என்றால் 2134. அவர் கதவுக்கு மேல் வரும் லிண்டலை ஏழடியில் வைத்துவிட்டார், தச்சர் கதவு நிலையைப் படத்தின்படி செய்துவிட்டார். நடுவில் ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி. சாந்து போட்டு அடைத்துக்கொண்டே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மேல் பீமில் அவர் கம்பி விட்டிருந்தார், கூரை மரத்தை இறுக்கிக் கட்ட. அதுவும் எங்கள் படத்தில் இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் அவர்கள் வீட்டுக் கூரை அடுத்த வளவில் கிடந்ததாம். அதற்குப் பிறகு எந்த வீட்டையும் அந்தக் கம்பி இல்லாமல் அவர் கட்டியதில்லை.

மணல் நிலத்து அத்திவாரம் பற்றியும் கேட்க நினைத்தேன். கல்லடித் திருச்செந்தூர்க் கோயிலில் 2004 சுனாமிக்குச் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அதற்குள் கந்தோரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கண்ணாடி விஷயத்தைத் திரும்பி வந்து சொன்னேன். வீட்டுக்காரருக்குப் படம் பிடித்துவிட்டது, இனி மாற்ற ஏலாது என்றார்கள். அதுவும் விளங்குகிறது, அவர் காசு கொடுப்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தானே.

நான் கேட்பது பெரிதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளையைக் கிழமையில் ஒரு நாளாவது ஸைட்டில் விடுங்கள், பிரிண்ட் கொண்டுபோகிற ஆளாக இல்லாமல் மேசனோடு நின்று பார்க்கிற ஆளாக. பெண் பிள்ளை, வெயில், தூசி என்று யோசிக்க வேண்டாம். ஆரையம்பதி வெயிலை விடவா? ஸைட் வேலை இல்லாத கிழமையில் புளியந்தீவில் விறாந்தை வைத்த பழைய வீடு ஒன்றை அளக்க அனுப்புங்கள். இடிக்கப்போகிற வீடு என்றால் முதலில் அதை. அப்புறம் பஸ் காசு. அதைப் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்த விடுமுறைத் திகதி இன்னும் வரவில்லை. வந்ததும் உங்களில் யாராவது ஒருவரிடம் விண்ணப்பத்தோடு வருவேன். ஹெல்மெட்டும் அளவு நாடாவும் என்னிடம் இருக்கின்றன. நாடாவில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மில்லிமீற்றர்.

இப்படிக்கு,
கட்டடக்கலை மாணவி,
ஆரையம்பதி