ஊத்துத் தண்ணி

பாம்பன்
ஆடி மாசம், சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் அக்காவின் பழைய நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கச்சான் காற்று அடித்துத் தள்ளுகிறது. நாளைக்கும் தொழிலுக்குப் போக முடியாது, எழுத நேரம் கிடக்கிறது.

காதுகுத்துக்கு வரவில்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். முதலில் லீவு இல்லை என்றாயாம். அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகு, உடம்பெல்லாம் படை படையாக வந்திருக்கிறது, பிள்ளையை மடியில் வைக்கப் பயமாக இருக்கிறது என்றாயாம். நீ அனுப்பிய போட்டோவை அவள் எனக்கும் காட்டிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே.

அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை அங்கே கிடந்து அவதிப்படுகிறான், உங்களுக்குச் சிரிப்பா என்று அம்மா திட்டினாள். வேறொன்றுமில்லை, 1997-ல் என் முதுகும் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. உன்னிடம் அந்தக் கதையை நான் சொன்னதே இல்லை. வெட்கம்தான், வேறென்ன.

அப்போது எனக்கு 26 வயது. உன் அக்கா அம்மா வயிற்றில் ஐந்து மாசம். இடது விலாவுக்குக் கீழே ஒரே ஒரு படை வந்தது. எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டி வைத்த அளவு இருக்கும், கொஞ்சம் நீள்வாட்டம். நடுவில் வழவழப்பாக இருந்தது, ஓரத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய செதில். ஈரத் துணியோடு படகில் கிடக்கிறவர்களுக்குப் படர்தாமரை வராமல் இருக்குமா என்று நினைத்து, சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினேன். பத்து நாள் அது பாட்டுக்கு இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் சட்டையைக் கழற்றினால் வயிறு, நெஞ்சு, முதுகு, தொடை என்று சின்னச் சின்னதாக ஒரு கூட்டமே வந்து நிற்கிறது.

நீயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய், முதலில் ஒன்று பெரிதாக, பிறகு மொத்தமாக. அந்த முதல் படை கட்டியக்காரன் மாதிரி. அவன் வந்து சொல்லிவிட்டுப் போனால் ஒன்றிரண்டு வாரத்தில் பின்னால் பரிவாரம் வரும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். அழுக்குதான் காரணம் என்று முடிவுகட்டி, வெந்நீர் போட்டு, சிவப்பு சோப்பைக் குழைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்தேய் என்று தேய்த்தேன். அன்று ராத்திரி அரிப்பில் எழுந்து நின்று ஆடினேன். அப்பத்தா பார்த்துவிட்டு, ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். வீட்டுக்குள் கவிச்சி கூடாது. மீன் பிடிக்கிறவன் வீட்டில் 3 வாரம் மீன் இல்லை, யோசித்துப் பார். நான் பிடித்துவந்த நண்டை நான் தின்னக்கூடாது, அடுத்த வீட்டுக்காரர் தின்றார்.

படகில் எல்லாரும் வெறும் உடம்போடு நிற்க, நான் மட்டும் முழுக்கைச் சட்டை. "என்ன மாப்ளே, கடலுக்குப் பொண்ணு பார்க்க வர்றியா?" என்று கேலி. சட்டைக்குள் வேர்வையும் உப்பும் சேர்ந்து புழுங்கப் புழுங்க அரிப்பு கூடியது. ஒருவர் பின்னால் குஷ்டமாக இருக்குமோ என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அன்று ராத்திரியே பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டேன். என் தட்டு தனி, துண்டு தனி. அம்மா பக்கத்தில் வந்தால் தள்ளிப் போ என்று கத்துவேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. தன் மேல்தான் ஏதோ கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் பஸ் ஏறி ராமநாதபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வயசானவர். சட்டையைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்த்தார். பூஞ்சையா என்று பார்க்க ஒரு செதிலைச் சுரண்டி எடுத்துக்கொண்டார். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக விரலால் கோடு இழுத்தார். படைகள் எல்லாம் அந்தச் சாய்விலேயே வரிசையாக நிற்கின்றனவாம். கண்ணாடியில் காட்டினார். கருவாட்டுக்குப் பிளந்து காயப்போட்ட பாறை மீன் மாதிரி இருந்தது, நடுமுள்ளும் பக்க முள்ளுமாக. நீயும் யாரையாவது முழு முதுகையும் ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்.

"பிட்டிரியாசிஸ் ரோசியா" என்றார். முதல் வார்த்தை தவிட்டைக் குறிக்கிறதாம், தவிடு போல உதிர்கிற செதிலுக்காக. இரண்டாவது ரோஜா நிறம். 1860-ல் ஒரு பிரெஞ்சு டாக்டர் வைத்த பேர். நம் தோலில் ரோஜாவை எங்கே போய்த் தேடுவது? எனக்குச் சாம்பல் பூத்த பழுப்பாகத்தான் இருந்தது. சிவப்பாக இல்லையே, அப்போ இது அந்த நோய் இல்லையோ என்று நீ போனில் தேடித் தேடிக் குழம்பாதே.

ஒரு விஷயம் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எதற்கு என்றேன். மேகநோய், அதுதான் சிபிலிஸ், இருக்கிறதா என்று பார்க்க என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்யாணமானவனைப் பார்த்து என்ன கேள்வி என்று எழுந்தே விட்டேன். அவர் சிரித்தபடி, "அந்த நோயும் இதே வேஷம் போட்டுக்கிட்டு வரும்பா, உன்னைச் சந்தேகப்படலை, அதைச் சந்தேகப்படுறேன்" என்றார். உன்னிடமும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடு. உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ படை வந்தாலும் மறைக்காமல் காட்டு. இந்த நோய் பெரும்பாலும் அங்கே வராது, வந்தால் வேறு என்னவென்று அவர்கள் பார்க்க வேண்டும்.

எப்போது போகும் என்று கேட்டேன். தானாகவே போகும், 6 வாரம், 8 வாரம், சிலருக்கு 3 மாசம் என்றார். பஸ்ஸுக்கும் பீஸுக்கும் காசு கொடுத்துப் போனவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு ஊசி போடுவார், நாளைக்கே உதிர்ந்துவிடும் என்று நினைத்துப் போனால், அரிப்புக்கு ஒரு காலமைன் லோஷன், ராத்திரிக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். வெந்நீரும் சிவப்பு சோப்பும் வேண்டாம், மீன் தாராளமாகச் சாப்பிடு என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்றேன். கர்ப்பமாக இருக்கிறவளுக்கே இது வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், உன்னிடமிருந்து அவளுக்கு ஒட்டும் என்று பயப்படத் தேவையில்லை, போய் வீட்டுக்குள் படு என்றார்.

நம் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போன வாரம் அக்கா உன் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். போட்டோவை வைத்து நோய்ப் பேர் சொல்ல மாட்டேன், நேரில் காட்டச் சொல்லுங்கள் என்று அந்த டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஆனால் இந்த நோயாகவே இருந்தால் தனித்தட்டு, தனிப்பாய் எதுவும் வேண்டாமாம். சின்ன வயசில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துபோகிற ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் இரண்டு, 6-ஆம் நம்பரும் 7-ஆம் நம்பரும், உடம்புக்குள்ளேயே தூங்கிக் கிடந்து எழுந்துகொள்வதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்களாம். ஹெர்பிஸ் என்றதும் பதறாதே, ஊரில் தப்பாகப் பேசுகிற அந்த நோய் வேறு. உன் ரூம்காரப் பையன்களிடமும் இதைச் சொல்லு.

நீ மெடிக்கலில் வாங்கிய ட்யூப்பைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. படர்தாமரைக்கு என்று கேட்டால் மூன்று நாலு மருந்தைக் கலந்த களிம்பாகத் தூக்கிக் கொடுக்கிறார்கள், அதில் ஸ்டீராய்டும் கிடக்கும். உனக்கு வந்திருப்பது நிஜமாகவே படர்தாமரையாக இருந்தால் அது முதலில் அடங்கின மாதிரி காட்டிவிட்டு உள்ளே பரவும். டாக்டர் பார்க்கிறவரை அதை நிறுத்து. குளித்து ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், பருத்திப் பனியன் போடு. வேர்க்க வேர்க்கப் பந்து விளையாடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வை.

தழும்பு கிடையாது. எனக்கு ஒன்பதாவது வாரம் படை எல்லாம் அடங்கிவிட்டது. கறை மட்டும் மறுவருஷம் பங்குனிவரை இருந்து, தெரியாமலே போய்விட்டது. இரண்டாம் தடவை வருவது அபூர்வம், எனக்கு வரவில்லை.

நான் மறக்காதது அந்த ஊத்துத் தண்ணியைத்தான். நம் வீட்டுக் கிணறு உப்பு என்பது உனக்குத் தெரியும். அப்போது நல்ல தண்ணிக்குக் கடற்கரை மணலில் ஊத்துத் தோண்டிக் காத்திருக்க வேண்டும். குழிக்குள் தண்ணி கசிந்து ஊறும். கலங்காமல் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும், ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். நான் திண்ணைக்குப் போன மறுநாளிலிருந்து, கடலைவிட்டு வரும்போதெல்லாம் கொல்லையில் ஒரு குடம் தண்ணி இருக்கும், மேலே மூடிய தட்டில் ஒரு கல். அப்பத்தா வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலம் கரைப்பக்கம் போனால், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு உன் அம்மா ஊத்துக்குள் குனிந்து நிற்கிறாள். உடம்பில் உப்பு நின்றால் அரிக்குமில்லையா என்றாள். 3 வாரம் நான் தள்ளிப் போ என்று கத்தியவளிடம் அன்று ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. சிரட்டையை வாங்கி மீதியை நான் அள்ளினேன்.

காதுகுத்துக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை ஓசூரிலேயே தோல் டாக்டரைப் பார். பிள்ளையை மடியில் வைக்கலாமா என்று அவரிடமே உன் வாயால் கேள். வைக்கலாம் என்றால் டிக்கெட் போடு. அரைக்கைச் சட்டையே போட்டுக்கொண்டு வா, கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் மருமகள் போனில் உன் முகம் வந்தாலே காதைத் தொட்டுக் காட்டுகிறாள். ஊரில் ஒன்றுவிட்ட மாமன்கள் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருத்தனிடமும் போகமாட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். நீ அங்கே குளிக்கிற தண்ணி உப்பா, நல்ல தண்ணியா என்று கேட்கச் சொல்கிறாள். மறக்காமல் பதில் போடு.

அப்பா