ஜூன் 14 கூட்டம்: நாசவேலை அச்சம், அமெரிக்கா 1942

வணக்கம். வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர் வாசிப்பு வட்டம் ஜூன் 14, ஞாயிறு மாலை 5 மணிக்கு இணையவழியில் கூடுகிறது.

1942 ஜூனில் ஜெர்மனி நீர்மூழ்கிகளில் அனுப்பிய 8 நாசகாரர்கள், அவர்களுள் ஒருவரான டாஷ் தாமாகவே எஃப்.பி.ஐ.யிடம் சென்று சொன்னதால்தான், எதையும் தகர்க்கும் முன் பிடிபட்டனர். அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில், போர்வீரர்களை ஏற்றிச்செல்ல மாற்றியமைக்கப்பட்டுவந்த நார்மண்டி கப்பல் எரிந்தபோது பலரும் எதிரியைச் சந்தேகித்தனர். காரணமோ, உயிர்காப்பு அங்கிக் குவியலில் தெறித்த வெல்டிங் பொறி.

1. இவ்விரண்டையும் எடைபோட்டு, அபாயம் எவ்வளவு மெய்யானது என்பதை அரைப்பக்கத்தில் எழுதி வாருங்கள்.
2. வதந்தியைச் சான்றாக்க வேண்டாம் (சென்ற முறை அதிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது).
3. வருகையை வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.