மைக் இல்லாத ஒரு முழு இரவுக்கு

அன்புடையீர்,

எங்கள் கூத்து ஆடி முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். களரிக்கு, அதாவது நாங்கள் ஆடிய வட்ட மண் அரங்குக்கு, மேலே கட்டிய வெள்ளைத் துணியைத் துவைத்து மடித்தாயிற்று. வாடகைக்கு எடுத்த மின்குமிழ்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கூத்தைப் பழக்கிய ஆசான், எங்கள் அண்ணாவியாருக்குத் தொண்டை இன்னும் திறக்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு, கையாலேயே பேசுகிறார். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை அவர்தான் விரல் மடக்கிக் காட்டினார். எழுதுகிறது மட்டும் நான். கூத்தில் எனக்கு வேஷம் கிடையாது. ஏடு பார்க்கிறவன் நான். ஆடுகிறவன் மறந்த அடியை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே இந்த மடலிலும் ஒருவரையும் மறக்கக்கூடாது என்று கொஞ்சம் பயம் இருக்கிறது.

முதலில் மட்டக்களப்பு மாநகர சபையோடு சேர்ந்து வேலை செய்யும் கலைக் குழுவினருக்கு. கூத்துக்கு உதவி கேட்டு உங்களிடம் விண்ணப்பித்தது மாசி மாதம், வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு. படிவத்தை நிரப்ப நாங்கள் கந்தோருக்கு வரவில்லை. பண்பாட்டு உத்தியோகத்தர் மிஸ்தான் எங்கள் கோயில் வேப்பமரத்தடிக்கு வந்தார். அண்ணாவியாரின் கல்வித் தகைமை என்ன என்று ஒரு கேள்வி. "அஞ்சாம் வகுப்பு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தளம் அம்பத்தெட்டு வருஷம், அதுக்கும் ஒரு இடம் இருக்கா பாருங்க" என்றார். அடுத்தது, நிகழ்ச்சியின் நேரம், நிமிடங்களில். "பொழுது விடியுமட்டும் எண்டு எழுது மனே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கட்டத்துக்குள் மூன்று இலக்கத்துக்கு மேல் இடம் இல்லை. மிஸ் சிரித்துக்கொண்டே பேனையை வாங்கி 540 என்று எழுதினார். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. அந்த எண்ணை யாரும் வெட்டவில்லை, குறைக்கவில்லை. இந்த மடலே அந்த 540க்காகத்தான்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் இன்னொரு இடத்தில் உதவி கேட்டுப் போனோம். தந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரமுகர் வருவதற்கு முன் இருபது நிமிடத்தில் முடித்துவிட வேண்டும் என்றார்கள். கட்டியகாரன் வந்து, அரசன் கொலுவுக்கு வந்து, வரவுத் தாளத்துக்கு இரண்டு சுற்று ஆடியதும் கை காட்டிவிட்டார்கள். வில்லுடுப்பு என்கிற கூத்து உடுப்போடு நாங்கள் கதிரை அடுக்கிய இடத்தில் நின்று பொன்னாடை வாங்கினோம். கூத்தைச் சுருக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வடமோடி என்கிற பாணிக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனார். அமிர்தகழியிலிருந்து போன மாணவன் மௌனகுரு அதில் ஆடித்தான் பிறகு பேராசிரியர் மௌனகுரு ஆனார். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் பல மாத உழைப்பும் ஒரு யோசனையும் இருந்தன. எங்களுக்குக் கிடைத்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் பிரமுகரின் வாகனம் மட்டும்தான் இருந்தது.

சரி, பழைய கதை போகட்டும்.

உங்கள் குழுவின் இன்னொரு நல்ல காரியம், எங்கள் விண்ணப்பத்தை யாரிடம் படிக்கக் கொடுத்தீர்கள் என்பது. வேறு ஊர் அண்ணாவியார் ஒருவர், சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர். அந்த அண்ணாவியார் கூத்தின் மற்றப் பாணியான தென்மோடிக்காரர், நாங்கள் வடமோடி. இரண்டு மோடிக்காரரும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் இருந்ததாக எங்கள் பக்கத்தில் சரித்திரம் இல்லை. ஆனாலும் அவர்தான் "இதில் பழக்குற செலவைக் காணவில்லையே" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியால்தான் வேஷக்காரருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கிற, நாங்கள் சட்டம் கொடுப்பது என்கிற நாள் தொடங்கி, சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்த இரவு வரைக்கும் எங்களுக்குச் செலவுக்குக் காசு வந்தது. அரங்கேற்றத்துக்கு மாலை போட ஆள் வரும். பழகுகிற இரவுகளில் தேத்தண்ணிக்குச் சீனி இருக்காது. இது கூத்தாடிய எல்லா ஊருக்கும் தெரிந்த விஷயம்.

இதை டொரண்டோவில் இருக்கும் என் மருமகனிடம் சொன்னேன். அங்கேயும் இப்படித்தானாம். 1974இல் தொடங்கிய நகரக் கலை மன்றம் ஒன்று இருக்கிறது. காசு நகர சபையிலிருந்து வரும், யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பவர்கள் கலைஞர்கள். "மாமா, அரசியல்வாதி அதில் கை வைக்க ஏலாது" என்றான். நம்பினேன், பாதி.

இப்போது களரி. மாநகர சபை வேலைப் பகுதியிலிருந்து முதலில் ஒரு பொறியியல் உதவியாளர் வந்தார். இரும்புக் குழாயில் மேடை போட்டுத் தருகிறோம், நான்கடி உயரம், பின்னால் திரை, முன்னால் படி என்று நல்ல மனதோடு சொன்னார். அண்ணாவியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, எங்களுக்குப் பின்பக்கம் இல்லை" என்றார். அந்தத் தம்பிக்கு விளங்கவில்லை. களரி வட்டம், சனம் சுற்றிவர இருக்கும், ஆடுகிறவன் எல்லாருக்கும் முகம் காட்ட வேண்டும், முதுகு காட்டினால் அந்தப் பக்கத்து ஆச்சிமார் சத்தம் போடுவார்கள் என்று நான் விளக்கினேன். அடுத்த நாள் அவர் வரவில்லை. மேற்பார்வையாளர் ஐயா வந்தார், கையில் ஒரு முளைக்கட்டையும் கயிறும். நடுவில் முளையை அடித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாவியாரைப் பார்த்தார். அண்ணாவியார் காலால் அளந்து, இன்னும் ஒரு முழம் விடச் சொன்னார். ஐயா கயிற்றை இழுத்துப் பிடித்து மண்ணில் வட்டம் கீறினார். நூல் பிடித்த மாதிரி வட்டம். பிறகு இரண்டு டிப்பர் மண் வந்தது. கொட்டி, தண்ணீர் தெளித்து, இறுக்கினோம். அவருடைய ஆட்களும் மண்வெட்டி பிடித்தார்கள். சம்பளக் கணக்கில் அது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒலிபெருக்கி விஷயம்தான் எங்களுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலி மாசு பற்றித் தந்த தீர்ப்பு எல்லாருக்கும் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அது தேவையான சட்டம்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரன் நானும். ஆனால் விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு என்ன செய்வது? பொலிஸ் நிலையத்துக்கு மிஸ்ஸும் நாங்களும் இரண்டு தரம் போனோம். மூன்றாம் தரம் போக இருந்தபோது அண்ணாவியார் ஒரு வார்த்தை சொன்னார்: "எங்கட அப்பன் மைக்கிலயா ஆடினவர்?"

அத்தோடு உதவியின் போக்கே மாறிவிட்டது. அதன் பிறகு நாங்கள் கேட்டது சத்தம் இல்லை, அமைதி. பத்து மணிக்கு மேல் அந்த ஒழுங்கையால் வாகனம் வராமல் திருப்பிவிட்ட போக்குவரத்துப் பொலிஸாருக்கு நன்றி. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஐஸ் பெட்டியைத் தன் அக்கா வீட்டுக்கு மாற்றிய முனைக்கடை முதலாளிக்கு நன்றி. பாவம், அவருக்கு அன்றைக்கு வியாபார நாள். களரிக்குள் வெள்ளை வெளிச்சம் விழுத்திக்கொண்டிருந்த தெருவிளக்கை ஏணி வைத்து அணைத்துவிட்டு, விடிந்ததும் வந்து திரும்பப் போட்ட மின்சாரத் தம்பிக்கும் நன்றி.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தியபோது சனத்துக்குள் ஒரு சலசலப்பு. பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டினார்கள். வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, எழும்பி வந்து களரி ஓரத்தில் நெருக்கி இருந்தார்கள். கச்சான் விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்தாள். அதன் பிறகு மத்தளமும் சல்லரி என்கிற கைத்தாளமும் காலில் கட்டிய சதங்கையும்தான். ஆடுகிறவன் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட, அந்த இடைவெளியில் வாவியில் வலை வீசுகிற சத்தம் கேட்டது. மூன்று மணிக்கு அபிமன்யு வந்தான். பகலில் ஓட்டோ ஓட்டுகிற பையன். மைக் இருந்தால் வாயைத் திறக்காமல் முணுமுணுத்துத் தப்பிவிடுவான், எனக்குத் தெரியும். அன்றைக்குத் தப்ப வழியில்லை. வியூகத்துக்குள் அகப்பட்டு நின்று அவன் பாடியதை ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டதாக அடுத்த நாள் ஒரு ஆச்சி சொன்னார். நடக்க முடியாதவர் அவர். அவருக்காகத்தான் முதலில் மைக் கேட்டோம் என்பது வேறு கதை. ஒரு இடத்தில் பையன் அடியை விட்டுவிட்டான். நான் எடுத்துக் கொடுக்க வாய் திறப்பதற்குள் சுற்றியிருந்த நாலைந்து கிழவர்கள் ஒன்றாகப் பாடிவிட்டார்கள். ஏடு பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானமும் சந்தோஷமும் இல்லை.

சுவர் ஓவியம் வரைந்த பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளம் ஆட்கள் தூரிகையோடு சுவர்களைத் தேடிப் புறப்பட்டது ஞாபகம் இருக்கும். உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஆனால் பாசி பிடித்த சுவரில் அப்படியே பூசினால் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தவறு நடக்க விடாமல், கலைக் குழு சுவரைக் கழுவி, சுரண்டி, வெடிப்புக்குச் சீமெந்து வைத்து, சீலர் பூசிய பிறகுதான் கையில் கொடுத்தது. உப்புக் காற்று அடிக்கிற வாவிக்கரையில் அதுதான் பாதி வேலை. இன்னொரு சந்தோஷம், கடற்கன்னியை வரையவில்லை. மட்டக்களப்பு என்று சொன்னவுடன் வாலோடு ஒரு பெண்ணை வரைந்துவிடுகிற பழக்கத்திலிருந்து ஒரு சுவராவது தப்பியது. கூத்து வேஷம் வரைந்தார்கள். முதல் கீறலில் அரசன் சூடுகிற முடி சினிமாவில் வருகிற கிரீடம் மாதிரி இருந்தது. அண்ணாவியார் ஓட்டோவில் தன் முடியையே மடியில் வைத்துக்கொண்டு போய்க் காட்டினார். பிள்ளைகள் அதைச் சுவரில் வைத்து அளந்து, பழையதை அழித்துவிட்டு வரைந்தார்கள். கரப்புடுப்பு என்கிற கூத்து உடுப்பின் மடிப்பை அவர்களில் ஒரு சின்னப் பெண் பிடித்திருக்கிற விதத்தைப் போய்ப் பாருங்கள்.

உடுப்பு என்றதும் காத்தான்குடித் தையல்கார நானா வருகிறார். வெல்வெட் துணிக்கும் சரிகைக்கும் மட்டும் காசு வாங்கினார். தைத்த கூலியைக் கேட்டால், "அரங்கேற்றத்துக்குக் கூப்பிடுங்க" என்றார். வந்தார். அரசனின் தோள் தையல் பிரிந்துவிடுமோ என்று நாலு மணி வரை கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு, கோபிக்க வேண்டாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1959இலேயே பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்றைக் கலைக்கு ஒதுக்கத் தொடங்கியது. சியாட்டில் 1973இல் அதே மாதிரி நூற்றுக்கு ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கு இரண்டு. கல்லடியில் புதுப்பாலம் 2013இல் திறந்தார்கள். அதன் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் இப்படி ஒதுங்கியிருந்தால் எத்தனை கிராமத்தில் எத்தனை கூத்து பழகியிருக்கலாம் என்று மருமகனோடு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முடிவில் கணக்கை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் போடும்போது ஒருக்கால் யோசியுங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் அரை.

பாய் கொண்டுவந்து போட்ட மாதர் சங்கத்தாருக்கு, முதலுதவிக்கு இருந்த பிள்ளைகளுக்கு, தண்ணீர்ப் பவுசர் ஓட்டுநருக்கு, சால்வை போர்த்திய குடும்பங்களுக்கு எல்லாம் நன்றி. விடியற்காலையில் கூட்டித் துப்புரவாக்க வந்த தொழிலாளர்கள் மங்களம் பாடும் வரை விளக்குமாறைப் பிடித்தபடி வேலியோரம் நின்றார்கள். கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

கணக்கு அறிக்கையைப் பற்றுச்சீட்டுகளோடு கந்தோரில் ஒப்படைத்துவிட்டோம். 3,400 ரூபாய் மிச்சம் வந்தது, திருப்பிக் கட்டியாயிற்று.

வருகிற சனிக்கிழமை தொடங்கி வீட்டுக்கு வீடு ஆடுகிறோம். முதல் வீடு, அந்த நடக்க முடியாத ஆச்சியின் வீடு. எல்லோரும் வாருங்கள். மேற்பார்வையாளர் ஐயா கட்டாயம் வர வேண்டும். அவருடைய முளைக்கட்டையும் கயிறும் இன்னும் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
களரியார் சார்பில்,
ஏடு பார்த்தவன்