உன்னிடம் தராத கேமரா

மண்டபம்
ஞாயிறு இரவு

அன்புள்ள ராசு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? சின்னவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததை அத்தை சொன்னார். ரொம்ப சந்தோஷம்டா.

எட்டு மாதமாக உன் போனை நான் எடுக்கவில்லை. நீ கோபப்படுவது நியாயம்தான். எடுத்தால் முதல் கேள்வியே மாமாவின் யாஷிகா கேமராவைப் பற்றித்தான் வரும். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. இப்போது எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அந்தக் கேமராவை நீ கேட்டாய். "இங்கே உப்புக் காற்று அதைத் தின்றுவிடும், கோயம்புத்தூரில் நான் பத்திரமாக வைத்திருப்பேன்" என்றாய். நான் முடியாது என்று கத்தினேன். பெரியண்ணன் வந்து விலக்கிவிடும் அளவுக்குப் போனது. அப்படிச் சண்டை போட்டு வாங்கியதைத் தோல் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது வருஷம் திறக்கவில்லை.

போன கார்த்திகையில் அத்தைதான் கேட்டார். "உங்க மாமா ஊரில் ஒருத்தர் விடாமல் போட்டோ எடுத்தார். என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து எடுத்ததே இல்லை. நீயாவது அந்தப் பெட்டியில் ஒண்ணு எடுத்துக் கொடு." அன்றே உறையைத் திறந்தேன். பழைய மழைச் செருப்பு வாடை அடித்தது. தோல் ஈரத்தைக் குடித்து உள்ளேயே வைத்திருந்திருக்கிறது. மேல் லென்ஸ், கீழ் லென்ஸ் இரண்டிலும் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. 1/500 நொடி வைத்தால் ஷட்டர் ஏதோ அடித்தது. 1 நொடி வைத்தால் திறந்தது திறந்தபடியே நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது ராசு. நீ சொன்னது அப்படியே நடந்திருந்தது.

மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். நாலு மாதம் வைத்திருந்தார்கள். வாரா வாரம் போன் செய்தால் "அடுத்த வாரம் வாங்க சார்" என்ற ஒரே பதில். கடைசியில் வந்து சேர்ந்தபோது திருகாணித் தலையெல்லாம் நசுங்கியிருந்தது. சரி, லென்ஸாவது சுத்தமாயிற்றே என்று ஒரு ரோல் போட்டேன். பன்னிரண்டு படமும் மங்கல். மேலே கண்ணாடியில் பார்த்தால் ஊசி முனை மாதிரி தெளிவு, ஃபிலிமில் ஒரே கலங்கல்.

இதற்கு நடுவில்தான் சென்னையில் ஒருவர் விற்கிற யாஷிகா 124ஜி கேமராவின் படத்தை நீ அனுப்பியிருந்தாய். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்கு" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன், பளபளவென்று இருந்தது. ஆனால் யோசித்துப் பார். இந்த மாடல் வந்தது 1970-ல், நிறுத்தியது 1986-ல். கடைசியாக வந்ததற்கே சுமார் நாற்பது வயது. அதன் ஷட்டரிலும் எண்ணெய் இறுகித்தான் இருக்கும், அதன் லென்ஸ் எந்த பீரோவில் கிடந்ததோ. நம்முடையதற்கு என்ன நோய் என்றாவது எனக்குத் தெரியும். அதோடு, அத்தை கேட்டது அந்த மாடலை இல்லை, மாமாவின் பெட்டியை.

மங்கலுக்குக் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். மாமா சொல்வாரே, "மேல் கண் பார்க்கும், கீழ் கண் எழுதும்" என்று. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்று சோதித்தேன். பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டினேன். கடற்கரையில் முக்காலியை நிறுத்தி, எதிரே பாம்பன் லைட் ஹவுஸைப் பார்க்க வைத்தேன். ஷட்டரை பி-யில் வைத்து, கேபிளால் திறந்து பூட்டி, அபர்ச்சர் 3.5. தலைக்கு மேல் கறுப்புத் துணி. கச்சான் காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது, நம் குட்டிதான் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றான். மேல் கண்ணில் லைட் ஹவுஸ் தெளிவு. பேப்பரில் தலைகீழாகத் தொங்கிய லைட் ஹவுஸ் வெறும் புகை. கீழ் லென்ஸின் முன்கண்ணாடி மரை பிசகி ஏறியிருந்தது, முழுசாக உட்காரவே இல்லை. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்குள் பன்னிரண்டு படமும் போயிற்று.

ஆனால் அதை என் கையால் கழற்றப் பயம். அப்புறம்தான் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருக்கிற கடிகாரக்காரரிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல். கேமராவே தொட்டதில்லை என்றார். முன்பக்கத்தைக் கழற்றி, ஷட்டருக்குள் மெதுவான வேகங்களுக்கென்று இருக்கும் பற்சக்கர வரிசையைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது கடிகாரம்தானே தம்பி" என்றார். எனக்கு உயிர் வந்தது. என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, ஒயிட் பெட்ரோலைத் துளித் துளியாக விட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்தார். இதழ்களில் ஒட்டியிருந்த பசை பழுப்பாக வந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட இதழ் பக்கம் போகக்கூடாது என்று அவரே சொன்னார். நீ ஒரு தடவை இதற்கு விட்ட தையல் மிஷின் எண்ணெய் எனக்கு ஞாபகம் வந்தது. மாமா அன்றைக்கு உன்னை விட்டது அதிசயம்டா.

இரண்டு பகல் ஆயிற்று. வாங்கியது 800 ரூபாய். 1 நொடி இப்போது 1 நொடி. லென்ஸைச் சரியாக உட்கார வைத்து, மறுபடி பட்டர் பேப்பர், மறுபடி லைட் ஹவுஸ். இரண்டு கண்ணும் ஒன்றாயிற்று. மேல் லென்ஸில் பூஞ்சை அரித்த தடம் ஒன்று போகாது. அது பார்க்க மட்டும்தானே, இருக்கட்டும். மீட்டர் செத்துக் கிடக்கிறது. அதற்கான பாதரச பேட்டரியே இப்போது வருவதில்லை. மணலும் வெயிலும் இருக்கிற ஊரில் நமக்கு மீட்டர் எதற்கு.

நேற்று அத்தையை எடுத்தேன். வீட்டுத் திண்ணையில், கதவைத் தாண்டி வருகிற காலை வெளிச்சத்தில். 1/8 நொடி, அபர்ச்சர் 5.6. செத்துக் கிடந்த அதே மெதுவான வேகம்தான். "மூச்சு விடாமல் இருங்க அத்தை" என்றேன். "உங்க மாமாவும் இதையேதான் எல்லாரிடமும் சொல்வார்" என்றார். ஃபிலிம் கைப்பிடியை முன்னால் சுற்றிப் பின்னால் ஒரு சுற்றுத் திருப்பும் அந்தச் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுத்ததை உடனே எடுக்கவில்லை.

ரோலை இதோடு அனுப்புகிறேன். எஃப்.பி.4 கறுப்பு வெள்ளை ஃபிலிம், பன்னிரண்டு படம். முதல் ஆறு பாம்பன். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்களே, பக்கத்தில் 1914-ன் பழைய பாலம் ரயில் இல்லாமல் நின்றது. மாமா நின்று எடுப்பாரே, அந்த இடத்திலிருந்தே எடுத்தேன். ஏழிலிருந்து ஒன்பது அத்தை. மிச்சம் குட்டியும் வத்தைப் படகுகளும்.

லேபில் கொடுத்துவிடாதே. நீயே கழுவு. டி-76 டெவலப்பர், தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று, 20 டிகிரி, 11 நிமிஷம். ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கட்டி வாங்கி, டேங்கைச் சுற்றி அடுக்கி, குடத்துக் காசுக்கு வாங்கிய நல்ல தண்ணீரில் கழுவிய ஆள் நீ. உன் ஊர்க் குழாய்த் தண்ணீரில் உனக்கு அது பெரிய வேலையா? ஏழு, எட்டு, ஒன்பதில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதைப் பெரிதாகப் போட்டு அத்தை பெயருக்கே அனுப்பு.

இன்னொன்று. தோல் உறையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். கேமரா இப்போது சிலிக்கா பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் இருக்கிறது, வாரம் ஒரு தடவை எடுத்து எல்லா வேகத்திலும் அடித்துப் பார்க்கிறேன். ஆனாலும் ஐப்பசி மழை தொடங்கினால் எனக்குத் தூக்கம் வராது. ஐப்பசி முதல் தை வரை அது உன்னிடம் இருக்கட்டும். புரட்டாசி கடைசியில் நானே கொண்டு வருகிறேன். பொங்கலுக்கு நீ வரும்போது எடுத்துக்கொண்டு வா. செல்ஃப் டைமரை மட்டும் தொடாதே.

அன்புடன்,
சேகர்