பெஞ்ச் டிக்கெட்டுக்கும் பேய் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் '1408' என்ற ஆங்கிலப் பேய்ப் படத்தின் (பேய் இருப்பதாகச் சொல்லப்படும் 1408ஆம் எண் ஓட்டல் அறையில் ஓர் எழுத்தாளன் தனியாகத் தங்குகிற கதை) கதை சொல்லும் உத்திகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், இந்த நுணுக்கமெல்லாம் வடசென்னையில் பெஞ்ச் டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடிக்கிற கூட்டத்துக்கு எட்டாது என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் கட்டுரைக்கு என்ன குறைந்திருக்கும் என்று தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு தகவல்: தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020இலேயே மூடியாயிற்று. எந்தத் தியேட்டரில், எந்தப் பெஞ்சில் எங்களைப் பார்த்தாராம்?

நான் வால்டாக்ஸ் சாலையில் ஒரு லாட்ஜில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் படத்தை ரிசப்ஷன் டிவியில், ராத்திரி ஷிப்டில், ரூம் பாய்களோடு பார்த்தேன். (டிவிடி எங்கே வாங்கியது என்று கேட்காதீர்கள். பர்மா பஜார் நடக்கிற தூரம்தான்.) ரத்தத்துக்கும் அலறலுக்கும் அசையாத பையன்கள் எந்த இடத்தில் எழுந்து நின்றார்கள் தெரியுமா? கழிப்பறைக் காகிதத்தின் நுனி, கொஞ்ச நேரம் முன்பு கலைந்தது, மறுபடி அழகாக மடிந்திருக்கிறது. தலையணையில் சாக்லேட். ஆள் உள்ளேயே இருக்கிறான், கதவு திறக்கவில்லை, ஆனால் யாரோ வந்து அறையை ஒழுங்கு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "யாருணா ரூமு கிளீன் பண்ணது?" என்று ஒருவன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. தினமும் படுக்கை விரித்துப் போடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று கட்டுரையாளருக்கு எட்டாது. இதை அவர் எழுதவும் இல்லை.

ஹீட்டரைச் சரிசெய்ய வருகிற ஆள் அறை வாசலைத் தாண்டாமல், வெளியே நின்றே வழி சொல்லிக்கொடுப்பான். கட்டுரையாளர் அதை 'நகைச்சுவை இடைவேளை' என்கிறார். எங்கள் லாட்ஜில் ஒரு பார்ட்டி தூக்கத்திலேயே இறந்துபோனார். போலீஸ் வந்து, உறவுக்காரர்கள் வந்து, எல்லாம் முடிந்து வெள்ளையடித்த பிறகும், ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற எலக்ட்ரீஷியன் உள்ளே வரவில்லை. "நீங்க திருகுங்க சார், நான் இங்கேருந்து சொல்றேன்" என்றார். நான்தான் திருகினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதிப் பயத்தை அறைக்குள் நுழைவதற்கு முன்பே ஓட்டல் மேலாளர் பேசியே ஏற்றிவிடுகிறார். 56 சாவு, ஃபைலோடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே யாரும் தாங்கியதில்லை என்று சொல்லி வைக்கிறார். அதனால்தான் பிறகு கடிகார ரேடியோ 60:00இலிருந்து இறங்கும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டுரையாளர் கடிகாரத்துக்கு அரைப்பக்கம் கொடுத்துவிட்டு, அந்த மேலாளராக நடித்த சாமுவேல் ஜாக்சனைத் 'துணைப் பாத்திரம்' என்று முடித்துவிட்டார். மேலாளர்கள் எல்லா இடத்திலும் துணைப் பாத்திரம்தான், பழகிவிட்டது.

நாயகன் தப்பித்துவிட்டதாகக் காட்டி, தபால் நிலையத்தின் சுவரை ஆட்கள் இடித்ததும் அதற்குள்ளிருந்து அதே அறை வெளிப்படுகிற இடத்தை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பையன் மட்டும், "அவசரப்படாதீங்கணா, டிவிடி இன்னும் நெறைய ஓடும்" என்று முன்பே சொல்லியிருந்தான். இதை உத்தி அறிவு என்பீர்களா, விசிலடிக்கிற கூட்டம் என்பீர்களா?

இனி பிழைக்கு வருகிறேன். எழுத்தாளன் கடைசியில் தீயில் சாகிறான் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது டைரக்டர்ஸ் கட்டில், அதாவது இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த வடிவத்தில், உள்ள முடிவு. 2007இல் தியேட்டரில் வந்த படத்தில் அவன் பிழைக்கிறான். முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று மாற்றினார்கள். தாங்கள் அறியாததல்ல. அறைக்குள் தனியாக இருக்கிறவன் வாய் திறந்து பேச ஒரு காரணம் வேண்டுமே என்று கையில் கொடுத்த டேப் ரெக்கார்டர் அவன் பிழைக்கிற முடிவில்தான் முழு வேலை செய்கிறது. இறந்த மகளின் குரல் அதில் கேட்கிறது, அவன் மனைவியும் கேட்கிறாள். அதுவரை எல்லாம் அவன் மண்டைக்குள் நடந்தது என்று நாம் சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட பிறகு சொல்ல முடியாது. முடிவைத் தப்பாகச் சொன்னதும் போதாதென்று, சொல்லப்போகிறோம் என்ற எச்சரிக்கைகூட இல்லை. (நானும் சொல்கிறேன்தான். தாங்கள் ஏற்கெனவே போட்டு உடைத்தாயிற்றே.)

1, 4, 0, 8 கூட்டினால் 13 என்று பெட்டிச் செய்தி வேறு. ராயபுரமே சென்னை-13தான் ஐயா. தபால்காரர் தினமும் வருகிறார், ஒன்றும் ஆகவில்லை.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது இந்த ஊரிலிருந்து. சினிமாக்காரர்கள் காசிமேட்டுக்கு வந்தால் எங்கள் பையன்கள் கையில் அரிவாளைத்தான் கொடுக்கிறார்கள். பேய்ப் படம் எடுக்க மட்டும் ஊட்டி பங்களா. ஒரு பேய் குடியிருக்கக்கூட எங்கள் பக்கம் லாயக்கில்லை போலிருக்கிறது. இதைப் பற்றி முன்பே தங்களுக்கு எழுதினேன். நான்கு பக்கத்தை நான்கு வரியாக்கி, அடியில் ராயபுரத்தை எடுத்துவிட்டு வெறும் 'சென்னை' என்று போட்டீர்கள். அதே பக்கத்தில் மயிலாப்பூர் வாசகருக்கு மயிலாப்பூர் பத்திரமாக இருந்தது.

படத்துக்கு இரண்டு முடிவு உண்டு என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். முடிவைச் சொல்கிற கட்டுரைகளுக்கு மேலே அப்படிச் சொல்லியிருப்பதாக ஒரு குறிப்பும் போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். ரூம் பாய்கள் வருகிற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள், அவர்களிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாட்ஜ் மேலாளர்,
ராயபுரம், சென்னை-13