பழியை டிராஃப்ட் தேர்வின் மேல் மட்டும் போடுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில், சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2010 முதல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) எடுத்த ஆஃபென்சிவ் லைன் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களே குறைவு. அதிலும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, அவரைக் காக்க முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. மதிப்பெண்களைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எத்தனையாவது தேர்வு, எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தார் என்ற இரண்டு கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தேறியவர், தேறாதவர் என்று ஆளைப் பிரித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஆட்டக்காரரை எந்த இடத்தில் ஆடவைத்தார்கள் என்று கேட்கவே இல்லை.

அந்த ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், இரண்டு ஓரத்திலும் டேக்கிள்கள். ஜஸ்டின் பிரிட்டை எடுத்துக்கொள்வோம். 2014இல் 64ஆவது தேர்வு. முதல் ஆண்டு ரைட் டேக்கிள், அடுத்த ஆண்டு லெஃப்ட் கார்டு, மூன்றாம் ஆண்டு சென்டர். அங்கேதான் நிலைத்தார், அதன்பின் பல ஆண்டுகள் அணி அந்த இடத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் ஆட்டத்தைக் காட்டி அவருக்குக் குறைந்த மதிப்பெண் போடுவது எப்படிச் சரியாகும்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐந்து இடமும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இங்கே ரென்டனில், வாஷிங்டன் ஏரிக்கரையில் இருக்கும் அணியின் பயிற்சி மைதானத்தில் கோடைக்காலத்தில் ரசிகர்களை அனுமதிப்பார்கள். பந்து பறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, லைன் ஆட்கள் பயிற்சி செய்யும் மூலையைப் பார்த்து அவர்களுடைய கால்களைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். லெஃப்ட் டேக்கிள் இடது காலைச் சற்றுப் பின்னால் வைத்து நிற்பார். பந்து அசைந்ததும் அந்தக் காலைப் பின்னோக்கி எட்டிவைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு சறுக்குவதுபோலப் பின்வாங்குவார். அதே ஆளை வலப்பக்கம் மாற்றினால் கால், இடுப்பு, முதலில் நீட்டும் கை எல்லாமே தலைகீழ். சென்டரின் பாடு வேறு: கால்களுக்கு இடையே ஒரு கையால் பந்தைப் பின்னால் அனுப்புகிற அதே நொடியில், மூக்குக்கு நேராக நிற்கும் 140 கிலோ ஆளை அவர் சமாளிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை பிடுங்கி நட்ட நாற்றிடம் விளைச்சல் கேட்பது என்ன நியாயம்?

பிரிட் மட்டும் அல்ல. 2011இன் முதல் சுற்றில் 25ஆவதாக வந்த ஜேம்ஸ் கார்ப்பென்டர், அலபாமாவில் லெஃப்ட் டேக்கிளாக இருந்தவர். அவரை வலப்பக்கம் இறக்கினார்கள். முதல் ஆண்டே முழங்கால் தசைநார் அறுந்தது. பிறகு லெஃப்ட் கார்டு ஆக்கினார்கள். ஈதன் போசிக் (2017, 58ஆவது தேர்வு) கல்லூரியிலேயே பெயர்பெற்ற சென்டர். வந்ததும் கார்டாக ஆடவைத்தார்கள். 2020இல்தான் முழுமையாகச் சென்டர் இடம் கொடுத்தார்கள். 2022இல் அவர் கிளீவ்லாந்துக்குப் போய் அதே இடத்தில் நன்றாகவே ஆடினார். மார்க் கிளோவின்ஸ்கியை 2017 டிசம்பரில் வேண்டாம் என்று விடுவித்தார்கள். இண்டியானாபொலிஸ் அவரை ரைட் கார்டு ஆக்கியது. 2018இல் லீக்கிலேயே குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் மிகக் குறைவாக, 18 முறை மட்டுமே வீழ்த்தப்பட்ட அணி அதுதான். இவர்கள் மூவரும் கட்டுரையாளரின் பட்டியலில் 'தேறாதவர்கள்'!

ஜெர்மெய்ன் இஃபெடி விஷயத்தில் மட்டும் நான் வாதாடப் போவதில்லை. 2016இன் முதல் சுற்றுத் தேர்வு. 2017இல் லீக்கிலேயே அதிகப் பெனால்டி அவர் பெயரில். பந்து அசையும் முன்பே அசைந்துவிடும் ஆளுக்கு எந்த இடத்தைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

கட்டுரையில் வராத ஒன்று, என் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. 2015 மார்ச்சில் மேக்ஸ் உங்கர் என்ற அருமையான சென்டரையும், அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் நியூ ஆர்லியன்சுக்குக் கொடுத்து பந்தைப் பிடிப்பதில் பெயர்பெற்ற டைட் எண்ட் ஜிம்மி கிரஹாமை வாங்கினார்கள். அந்தப் பருவத்தை உங்கரின் இடத்தில் தொடங்கியவர் ட்ரூ நோவக், கல்லூரியில் எதிர்ப்பக்கமான டிஃபென்சிவ் லைனில் ஆடியவர். அதே வழியில் வந்த ஜே.ஆர். ஸ்வீஸி (2012, ஏழாம் சுற்று, 225ஆவது தேர்வு) நல்ல கார்டாகத் தேறியதால், எவரையும் இப்படி மாற்றிவிடலாம் என்ற தைரியம் அணிக்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். உங்கரைக் கொடுத்தது டிராஃப்ட் தேர்வு அல்ல என்பதால் மதிப்பெண் பட்டியலுக்குள் வரவில்லை. சேதம் என்னவோ இதனால்தான் அதிகம்.

அடுத்து, அணிவிட்டு அணி மாறிவரும் ஆட்டக்காரர்களை 'மற்றவர்கள் கழித்துப்போட்டவர்கள்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருக்கிறார். 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வென்ற சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் ரைட் டேக்கிளாக ஆடிய பிரெனோ ஜியாகோமினி, கிரீன்பே அணியின் பயிற்சிக் குழுவிலிருந்து எடுத்துவந்தவர். அதே பருவத்தில் லெஃப்ட் டேக்கிள் ரஸ்ஸல் ஒகுங் காயத்தால் எட்டு ஆட்டங்கள் இல்லை. அந்த இடத்தில் பால் மக்விஸ்டன் நின்றார்: ஓக்லாந்து, ஜாக்சன்வில், கிளீவ்லாந்து என்று சுற்றி வந்த கார்டு. செயின்ட் லூயிசில் நம் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை 7 முறை வீழ்த்திய அந்தத் திங்கள் இரவு ஆட்டம் கண்கொண்டு பார்க்கச் சகிக்காது. ஆனாலும் 14-9 என்று ஜெயித்தார்கள். அந்த எட்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி. அவற்றுக்கு ஈடாக எந்த முதல் சுற்றுத் தேர்வை வைப்பது?

சுற்றி வருபவர்கள் எல்லோரும் ஒரே ரகமும் அல்ல. 2013 டிராஃப்டில் லூக் ஜோக்கெல் இரண்டாவது தேர்வு, டி.ஜே. ஃப்ளூக்கர் 11ஆவது தேர்வு. இருவருமே டேக்கிளாக எடுக்கப்பட்டு, சொந்த அணிகள் கைவிட்ட பிறகு கார்டாக இங்கே வந்தவர்கள். 2017இல் வந்த ஜோக்கெல் பாதிப் பருவம் முழங்காலோடு போராடிவிட்டுப் போனார். 2018இல் வந்த ஃப்ளூக்கர் ஒரு பக்கம், திரும்பிவந்த ஸ்வீஸி மறுபக்கம், நடுவில் பிரிட். அந்த ஆண்டு ஓடி எடுத்த கெஜங்களில் லீக்கிலேயே சியாட்டில்தான் முதலிடம். அதே ஆண்டில் வில்சன் 51 முறை வீழ்த்தப்பட்டார் என்பதும் உண்மை. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பவர் அவர். அந்த எண்ணை மொத்தமாக லைனின் தலையில் கட்ட முடியாது.

இதற்கெல்லாம் மாறாக, 2022இல் சார்ல்ஸ் கிராஸ் (9ஆவது தேர்வு) இடப்பக்கம், ஏப்ரகாம் லூகாஸ் (72ஆவது தேர்வு) வலப்பக்கம் என்று முதல் ஆட்டத்திலிருந்தே நிறுத்தினார்கள். அன்று டென்வர் சட்டையில் வந்த வில்சனை 17-16 என்று வென்றார்கள். இருவரையும் இடம் மாற்றவில்லை. லூகாஸின் முழங்கால் படுத்தியபோது, 2023இல் 41 வயது ஜேசன் பீட்டர்ஸைக் கூப்பிட்டார்களே தவிர, கிராஸை வலப்பக்கம் தள்ளவில்லை.

அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் முடிந்ததும் உங்கள் கட்டுரையாளர் மறுபடியும் மதிப்பெண் போடுவார். அவரது பட்டியலில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்லுங்கள்: கல்லூரியில் ஆடிய இடம், அணி ஆடவைத்த இடம்.

இப்படிக்கு,
ரென்டன் வாசகர்,
வாஷிங்டன் மாநிலம்