சந்தைத் திடல் ஐந்நூற்றுவர் மண்டபத்தைக் காப்பாற்றித் தர வேண்டி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: வாரச்சந்தை வியாபாரிகள், ஊர்ப் பொதுமக்கள்
பெறுநர்: உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்

பொருள்: மண்டபத்தில் அடுக்கியுள்ள மூட்டைகளை அப்புறப்படுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சந்தைத் திடலுக்கு மேற்கே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் கல்மண்டபம் தாங்கள் அறியாததல்ல. இது குறித்து ஏற்கெனவே மனுக்கள் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுகளும் வைத்திருக்கிறோம். பதில்தான் வரவில்லை.

1. மண்டபத்துக்குள் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். அவற்றை உடனே எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

2. இது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கூடிய இடம். சுமத்ராவில் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டிலேயே தமிழில் கல்வெட்டு நாட்டியவர்கள் அவர்கள். அங்கு வரும் மரக்கல நாயகர் (கப்பல் தலைவர்) கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் பல ஊர் வணிகர் ஒன்றுகூடி, உப்பு, அரிசி, மிளகு, பஞ்சு, நூல், தேன், மெழுகு, சந்தனம், அகில் என்று சரக்கு வாரியாகக் கோயிலுக்குப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று நாங்கள் சந்தையில் பொதுக் காரியத்துக்கென்று கொடுக்கும் மகமைக்கு மூத்த கணக்கு அது.

3. ஐயா, எங்களுக்குப் பொறுக்க முடியாதது இதுதான். கூரை ஒழுகி ஓரத்து மூட்டைகள் நனைகின்றன. பவுடர் கரைந்து, எழுத்து வெட்டிய அடிக்கல்லில் இறங்குகிறது. காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டாலே கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. போன மழைக்கு முன்பு 'ஐஞ்ஞூற்றுவர்' என்று முழுதாகப் படிக்க முடிந்தது. இப்போது 'ஐஞ்ஞூ' மட்டும் மிச்சம். அதற்குக் கீழே இருக்கும் வரியை யாரும் மைப்படி (கல்லெழுத்தைக் காகிதத்தில் மையால் ஒற்றியெடுக்கும் நகல்) எடுத்ததே இல்லை. அது போனால் போனதுதான். எந்த அலுவலகக் கோப்பிலும் அதற்கு நகல் கிடையாது.

4. மூட்டை வைக்க வேறு இடமா இல்லை? சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் சாவியை யாரிடம் கேட்டாலும் "மேலே கேளுங்கள்" என்கிறார்கள். மேலே என்றால் யார், ஐயா? மனுவை வாங்கி மேசையில் வைப்பதற்கு மட்டுமா அலுவலகம்? கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். அடுத்த மழை வந்துகொண்டிருக்கிறது.

5. மூட்டைகளை எடுங்கள். முதலில் அதை எடுங்கள்.

கூரை ஒழுக்கை அடைக்கவும், கல்வெட்டைப் படியெடுக்கத் தொல்லியல் துறைக்குப் பரிந்துரைக்கவும் பிறகு ஏற்பாடு செய்யலாம். சுண்ணாம்பும் வெள்ளையும் அடித்துப் 'புதுப்பிக்க' மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம். மூட்டை தூக்கச் சந்தைச் சுமைக்காரர்கள் கூலி வாங்காமல் வரச் சம்மதித்திருக்கிறார்கள். தங்கள் உத்தரவு ஒன்றுதான் பாக்கி. மழைக்கு முன் அதைத் தந்து உதவுமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாரச்சந்தை வியாபாரிகளும் ஊர்ப் பொதுமக்களும்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், கல்வெட்டின் பழைய, புதிய படங்கள்